டெண்டரில் விடுபடும் வரி

சிறிய நகராட்சி தன் சைபர் பாதுகாப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதில் தவறில்லை. நள்ளிரவிலும் சர்வரைக் கண்காணிக்கச் சொந்தமாக ஆள் வைப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. ஆனால் டெண்டரில் ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்று சாமான் பட்டியல்தான் நீளும். ஒப்பந்ததாரர் நம் கணினிகளுக்குள் எப்படி வருவார், எதையெல்லாம் தொடுவார் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

2019 ஆகஸ்ட் 16 காலை, அமெரிக்காவின் டெக்சாஸில் 22 உள்ளாட்சி அமைப்புகள் முடங்கின. பல ஊர்களுக்குப் பொதுவான ஒப்பந்த நிறுவனம் ஒன்று, தொலைவிலிருந்தே கணினிகளைப் பராமரிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தது. அதன் வழியாகத்தான் ரான்சம்வேர் இறங்கியது. கேட்ட தொகை 25 லட்சம் டாலர், கொடுக்கவில்லை.

ஆகவே ஆணையர்களே, முதலில் இதை எழுதுங்கள். நிறுவனத்தின் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஆளுக்கு ஆள் கைமாறும் பொது அட்மின் பாஸ்வேர்டு கூடவே கூடாது. உள்ளே வர இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். கண்காணிப்பவருக்கு லாக்குகளைப் பார்க்கும் அனுமதியே போதும். எதையாவது மாற்ற வேண்டுமானால் கேட்கட்டும். திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். சொத்துவரிப் பதிவேட்டின் பேக்கப்பில் ஒரு பிரதியாவது ஒப்பந்ததாரரின் கணக்கால் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நிறுவனமோ, ‘அடுத்த வேலை நாளில் அறிக்கை தருவோம்’ என்று எழுதித் தரும். கையெழுத்திடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அழைப்பை நம் பக்கம் யார் எடுப்பார் என்பதையும் பதவிப் பெயரோடு குறிப்பிடுங்கள்.

விலையை மட்டும் பார்த்து, மிகக் குறைவாகக் கேட்ட எல்-1 நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாமல், இரட்டை உறை முறையில் தொழில்நுட்பத் தகுதியை முதலில் பாருங்கள். தணிக்கைக்கு செர்ட்-இன் பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்தை வையுங்கள்.

ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றியும் இப்போதே எழுதிவிடுங்கள். அன்றே அவர்களின் கணக்குகள் முடக்கப்பட வேண்டும். லாக்குகள், அமைப்பு வரைபடங்கள் எல்லாம் நம் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. மென்பொருள் உரிமங்கள் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். ஒப்பந்த நிறுவன ஊழியரின் சொந்த முகவரியாக இருந்தால், புது டெண்டர் விடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.