பிரசங்கம் நன்று, ஆய்வு எங்கே?

ஞாயிறு காலை ஜாலான் பினாங்கு புனித சவேரியார் ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி. திங்கள் காலை எம்.பி.ஏ. வகுப்பில் நிர்வாகவியல் பாடம். இரண்டுக்கும் நடுவே நல்லதோர் ஆய்வுக் கட்டுரை ஒளிந்திருப்பதாக நம்பும் இளம் விரிவுரையாளர்கள் ஜார்ஜ்டவுனில் இருக்கிறார்கள். நம்பிக்கை சரிதான். எழுதுகிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

நானும் விட்டேன். விசுவாசமும் வணிகக் கல்வியும் பற்றி நான் அனுப்பிய முதல் கட்டுரை இரண்டே வரிக் குறிப்போடு திரும்பி வந்தது: பிரசங்கம் நன்றாக இருக்கிறது, ஆய்வு எங்கே? ஒரு வாரம் கோபம். பிறகு எடுத்துப் படித்தபோது அந்த மதிப்பீட்டாளர் பக்கமே நியாயம் தெரிந்தது. ‘கிறிஸ்தவ நெறிகள் வணிகத்துக்கு நல்லவை’ என்பதை யாராலும் மறுக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. சோதிக்க முடியாததை ஆய்விதழ் வாங்காது.

ஆகவே கேள்வியைத் தேடுங்கள். பினாங்கில் அது தெருவிலேயே கிடைக்கிறது. 1924இல் தொடங்கிய அட்வென்டிஸ்ட் மருத்துவமனை இன்று ஜாலான் பர்மாவில் இயங்குகிறது. அந்தச் சபையாருக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். பல மதத்தவர் வேலை பார்க்கும் இடத்தில் சனிக்கிழமைப் பணிப்பட்டியலை எப்படிப் போடுகிறார்கள்? புதிதாகச் சேரும் தாதியிடம் அதை எப்படி விளக்குகிறார்கள்? இது கச்சிதமான மனிதவளக் கட்டுரை. தஞ்சோங் பூங்காவில் கன்னியர் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஏழை நோயாளியின் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அங்கே யார் முடிவு செய்கிறார்கள்? லசால் சகோதரர்கள் 1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ் பள்ளியில் நிர்வாகம் அங்கி அணியாதவர் கைக்கு வந்தபோது எது மாறியது, எது மாறவில்லை? மூன்றையும் வகுப்பில் விவாதிக்கத் தக்க கேஸ் ஸ்டடிகளாகவும் எழுதலாம். பாடமும் ஆகும், பிரசுரமும் ஆகும்.

இதைவிடப் பெரிய சொத்து உங்கள் வகுப்பறை. அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேதாகமத்தைத் திறந்தால், மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது வீட்டுப் புத்தகம். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களோ முஸ்லிம், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர். லூக்கா 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரன் கதையைச் சொல்லி, ‘பொருள் உன்னுடையதல்ல, உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்கிற உக்கிராணத்துவத்தை நடத்துகிறீர்கள். முன்வரிசை மாணவி, “இது இஸ்லாம் சொல்லும் அமானா அல்லவா?” என்பாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் காந்தியின் தர்மகர்த்தா முறையைக் கொண்டு வருவான். மூன்றும் ஒன்றா? லஞ்சம், பதுக்கல், ஆட்குறைப்பு போன்ற ஏதேனும் ஒரு பிரச்சினையை முன்வைத்தால் மூன்று சொற்களும் ஒரே தீர்ப்பைத் தருமா? வட அமெரிக்க ஆய்வாளர் எளிதில் எடுக்க முடியாத தரவு இது. உங்களுக்கோ வாரம் மூன்று மணி நேரம் வலிய வந்து விழுகிறது.

அளவுகோலும் தயாராக இருக்கிறது. இஸ்லாமியப் பணிநெறிக்கு அப்பாஸ் அலி 1988இல் ஓர் அளவுகோல் தந்தார். யூத-கிறிஸ்தவ மரபுக்கு மான்ட்டி லின் குழுவினர் 2009இல் 15 கேள்விகள் கொண்ட ஒன்றை வெளியிட்டார்கள். தமிழிலோ மலாயிலோ இவற்றை மொழிபெயர்ப்பதானால், வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு. உங்கள் கேள்விப்பட்டியல் துண்டுப்பிரசுரம்போல் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஜெபெம் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே கேள்விப்பட்டியலை வெளியே எடுங்கள். மற்றவர்கள் தத்தம் நிறுவனத்தின் குழுவிடம் போகட்டும்.

எங்கே அனுப்புவது? எழுதி முடித்துத் தேடாதீர்கள். இதழைத் தீர்மானித்துவிட்டு எழுதுங்கள். ‘ஜர்னல் ஆஃப் பிசினஸ் எதிக்ஸ்’ பெரிய வாசல், நெரிசலும் அதிகம். ‘ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட், ஸ்பிரிச்சுவாலிட்டி அண்ட் ரிலிஜன்’ இந்தத் துறைக்கென்றே 2004இல் வந்தது. கொல்கத்தா ஐ.ஐ.எம்.மிலிருந்து 1995 முதல் வரும் ‘ஜர்னல் ஆஃப் ஹியூமன் வேல்யூஸ்’ ஒப்பீட்டுக் கட்டுரைக்கு ஏற்ற மேடை. வீட்டுப் பக்கத்திலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ‘ஏசியன் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல்’ இருக்கிறது. ஜம்ஷெட்பூரில் இயேசு சபையார் 1949இல் நிறுவிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யின் ‘மேனேஜ்மென்ட் அண்ட் லேபர் ஸ்டடீஸ்’ தொழிலாளர் சார்ந்த கட்டுரைக்கு.

அமெரிக்கக் கிறிஸ்தவ வணிக ஆசிரியர் சங்கம் இரண்டு இதழ்கள் நடத்துகிறது. ஒன்று வேதாகமத்தை வணிகச் சிந்தனையோடு வெளிப்படையாக இணைக்கச் சொல்லும். மற்றொன்று கற்பித்தல் பக்கம் சாயும். மரியாதைக்குரிய இதழ்கள்தான். ஆனால் உங்கள் துறைத்தலைவரின் கேபிஐ (செயல்திறன் மதிப்பீட்டு) தாளில் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இதழ்களுக்குத்தான் புள்ளி. என் யோசனை இது: தரவுள்ள கட்டுரை முதலில் அந்தப் பட்டியல்களில் உள்ள இதழுக்கு, வகுப்பறை அனுபவத்தைத் தனிக் கட்டுரையாகக் கிறிஸ்தவ இதழுக்கு. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கும் அனுப்புவது ஆய்வுலகிலும் பாவம், ஆலயத்திலும் பாவம்.

ஒரு வாரத்தில் பிரசுரிக்கிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ஆசை விடாவிட்டால், அந்த இதழின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை ஸ்கோபஸ் பட்டியலில் தேடி, இன்னும் இருக்கிறதா, நீக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.

மருத்துவமனையை ஆய்வுக்கு எடுப்பதானால், அனுமதி கேட்கும் கடிதத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம்.