அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது?

பெற்றோர் ஆசிரியர் கூட்டமா, வங்கி ஊழியர் பயிற்சி முகாமா, குடும்ப வாட்ஸ்அப் குழுவா, எங்கே போனாலும் இந்த வரி வந்துவிடுகிறது: "வாழ்க்கையில் ஜெயிக்க ஐ.க்யூ. 20 சதவீதம்தான், மிச்சம் 80 சதவீதமும் இ.க்யூ." கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். கணக்கில் பெயிலான பிள்ளையின் அப்பா கொஞ்சம் மூச்சு விடுகிறார். யாரை வைத்து, எதை அளந்து சொன்னார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! உளவியல் பாடம் நடத்துகிற எனக்கு இது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. 1995-இல் டேனியல் கோல்மன் எழுதி, உலகமெங்கும் விற்றுத் தீர்ந்த புத்தகம்தான் இந்தக் கதைக்கு மூலம். ஐ.க்யூ.வின் பங்கு அதிகபட்சம் 20 சதவீதம், மீதி மற்ற காரணங்களுடையது என்றுதான் அதில் அவரே சொல்கிறார். பிறந்த குடும்பத்தின் வசதியும் அதிர்ஷ்டமும்கூட அந்த 'மற்ற காரணங்கள்' கணக்கில் வரும். புத்தகம் கைமாறக் கைமாற, மீதி மொத்தத்தையும் இ.க்யூ. பெயரில் எழுதிவைத்துவிட்டார்கள். காரணம் தெரியாத பங்குக்கெல்லாம் இஷ்டப்படி பெயர் வைக்கலாமென்றால், 80 சதவீதமும் ஜாதகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆதாரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. 2020-இல் கரோலின் மெக்கான் குழுவினர், 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். படிப்பில் தேர்ச்சிக்கும் இ.க்யூ. எனப்படும் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் உள்ள ஒட்டுறவு 0.20 அளவில் இருந்தது. பிளஸ் டூவில் புள்ளியியல் படித்தவர்கள் வர்க்கம் போட்டுப் பாருங்கள். 4 சதவீதம்! வேலைக்கு வந்தால், நாள் முழுக்க மனிதர்களுக்கு முகம் கொடுக்க வேண்டிய வேலைகளில் இந்தத் திறன் உதவுகிறது. மற்ற வேலைகளில் அவ்வளவாக உதவக் காணோம். 2010-இல் ஜோசப்பும் நியூமனும் செய்த தொகுப்பாய்வு சொல்வது இது.

4 சதவீதம் என்றதும் இது வெறும் கதை என்று தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். 1990-இல் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் இதைப் பற்றி எழுதியபோது வெற்றி மந்திரம் எதையும் விற்கவில்லை. இது ஒரு மனத்திறன் என்றார்கள். 1997-இல் அதை நான்கு கூறாக விரித்தார்கள்: முகத்திலும் குரலிலும் உள்ள உணர்ச்சியைக் கண்டுகொள்வது, யோசிக்க அதைத் துணையாக்கிக்கொள்வது, அது எதனால் வந்தது, அடுத்து எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது, தன்னிடமும் பிறரிடமும் அதைக் கையாள்வது. திறன் என்றால் பரீட்சை வைக்கலாம். டேவிட் கருசோவும் சேர்ந்து 2002-இல் அப்படியொரு சோதனையையே வெளியிட்டார்கள்.

அந்த மாதிரியில் நான் வகுப்பில் கேட்கும் கேள்வி ஒன்று: தம்பி கல்யாணத்துக்கு ஒரு மாதம் ஓடியாடி வேலை செய்த அக்காவை, மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு முதலில் வருவது கோபமா, பொறாமையா, மனத்தாங்கலா? மறுநாள் சமாதானம் செய்யப் போகிறவர் "ஒரு போட்டோதானே" என்று பேச்சைத் தொடங்கினால் அது எதுவாக மாறும்? எல்லா விடையும் சரி என்று இங்கே தப்பிக்க முடியாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. நல்ல குணமும் இதுவும் ஒன்று என்பது தவறு. எதிராளியின் மனதைத் துல்லியமாகப் படித்துத்தான் மோசடிக்காரன் பணம் கறக்கிறான். பெண்களுக்கு மட்டுமே இது வாய்த்திருக்கிறது என்பதும் தவறு. சோதனைகளில் சராசரியாகப் பெண்கள் சற்று முன்னே நிற்கிறார்கள், அவ்வளவே. 'எனக்கு அடுத்தவர் மனம் புரியும்: ஆம்/இல்லை' என்று டிக் அடிக்கும் வினாத்தாள்கள் உங்களைப் பற்றி உங்களுக்கிருக்கும் அபிப்பிராயத்தைத்தான் அளக்கின்றன. திறன் சோதனையில் கடைசியில் வருகிறவர்களே தம்மை மிக அதிகமாக எடைபோடுகிறார்கள் என்று ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் மூவரும் 2014-இல் காட்டிவிட்டார்கள். அந்த வினாத்தாளை வைத்து ஆளெடுக்கும் மனிதவள அதிகாரிகளை என்ன சொல்ல!

இ.க்யூ. சான்றிதழ் பயிற்சிக்குக் கொட்டும் பணத்தை விடுங்கள், தமிழ் வகுப்பைக் கவனியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 'கண்ணகியின் பண்புநலன்களைத் தொகுத்து எழுதுக' என்றால் பிள்ளைகள் நோட்ஸில் உள்ளதை ஒப்பித்துவிடுவார்கள். கோவலன் கொலையுண்டதைக் கேட்டு அழுது புரண்டவள், பாண்டியன் முன் நிற்கும்போது சினத்தின் உருவாக நிற்கிறாளே, துக்கம் எந்த இடத்தில், எதைக் கேட்டபின் சினமாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் கூட்டமொன்றில் இதைச் சொன்னபோது, "நல்ல கேள்விதாம்மா, திருத்துவது யார்?" என்றார் ஒருவர். திருத்த உட்காருங்கள் ஐயா, அதுவும் பயிற்சிதான்.