எட்ச்சிங் கரைசலை எங்கே கொட்டுவது?

கேள்வி: வீட்டில் சர்க்யூட் போர்டு எட்ச் செய்தபின் மிஞ்சும் ஃபெரிக் குளோரைடைச் சிங்க்கில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. செம்பைத் தின்ற திரவம் உலோகக் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? அதில் கரைந்துள்ள செம்பு மீன்களுக்கும் நஞ்சு.

முதலில், எட்ச்சிங் வேகம் குறையும்வரை அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்தால் கெடாது.

வீரியம் போனபின், கையுறை, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிச் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரை பொங்கும், அது கார்பன் டை ஆக்சைடு, பதற வேண்டாம். பி.எச். தாள் 8 காட்டியதும் நிறுத்துங்கள்.

ஓரிரவில் செம்பும் இரும்பும் சேறாகப் படியும். மேல்நீரில் நீலம் தெரிந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. நிறமற்ற நீரை மட்டும் வடிகட்டி, நிறையத் தண்ணீரோடு கழிவுநீர்க் குழாயில் விடலாம்.

சேற்றை உலர்த்தி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பெயர் எழுதி, வீட்டு அபாயக் கழிவாக உள்ளாட்சிச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். தோட்டத்து மண்ணில் புதைக்காதீர்கள்.