என் கையா, பிறர் கையா? பச்சிளங்குழந்தைக்கு எப்படித் தெரிகிறது?

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய சோதனை. உங்கள் உள்ளங்காலில் நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வராது. அதே இடத்தில் உங்கள் தம்பி விரல் வைத்தால் துள்ளிக் குதிப்பீர்கள்.

ஏன்? கையை அசைக்க மூளை கட்டளையிடும்போதே, அடுத்து வரப்போகும் உணர்வைச் சிறுமூளை கணித்துவிடுகிறது. அதனால் அந்த உணர்வு தணிகிறது. பிறர் தொடும்போது இந்தக் கணிப்பு இல்லை.

சரி, இந்த வேறுபாடு நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தெரியுமா? பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கேட்பது?

கன்னம் சொல்லும் பதில்

பிறந்த குழந்தையின் கன்னத்தை மெல்லத் தொட்டால், அது தொட்ட பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறக்கும். பால் தேடும் அனிச்சைச் செயல் இது. ஜார்ஜ்டவுனில் பிறந்தாலும் அட்லாண்டாவில் பிறந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் இது பொது.

இதையே பிலிப் ரோஷா, சூசன் ஹெஸ்போஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் கேள்வியாக மாற்றினார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் இருந்த குழந்தைகளின் கன்னத்தை ஆய்வாளரின் விரல் தொட்டபோது அவை தலை திருப்பியது, தங்கள் கையே பட்டபோது திருப்பியதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம்.

காரணத்தைக் கவனியுங்கள். தன் கையே கன்னத்தில் படும்போது கை, கன்னம் இரண்டிலிருந்தும் மூளைக்குச் செய்தி போகிறது. பிறர் தொட்டால் கன்னத்திலிருந்து மட்டுமே செய்தி. இரண்டு செய்தி என்றால் ‘நான்’, ஒன்று என்றால் ‘வேறொருவர்’. உடலை அறிவதும் பிறரை அறிவதும் இங்கே ஒன்றாகவே தொடங்குகின்றன.

இதனால் குழந்தைக்கு ‘நான்’ என்ற எண்ணம் வந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. கண்ணாடியில் தெரிவது தானே என்று புரிய ஏறத்தாழ 18 மாதங்கள் ஆகும்.

முன்னதாகப் பிறந்தால்?

கருப்பையில் இடம் குறைவு. கை முகத்தில் படும். கால் சுவரில் உதைபடும். தன் உடலின் எல்லையைக் குழந்தை அங்கேயே உணரத் தொடங்குகிறது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். அந்தக் குழந்தைக்கு அணைத்துப் பிடிக்கும் சுவர் திடீரென இல்லாமல் போகிறது. இன்குபேட்டருக்குள் அதற்குக் கிடைக்கும் தொடுதலில் பெரும்பகுதி ஊசியும் குழாயும்தான். அதனால்தான் தாதியர் துணியைச் சுருட்டி, குழந்தையைச் சுற்றிக் கூடுபோல் வைக்கிறார்கள்.

2017இல் அமெரிக்காவில் 125 குழந்தைகளின் மூளை அலைகள் ஆராயப்பட்டன. மென்மையான தொடுதலுக்குக் குறைப்பிரசவக் குழந்தைகளின் மூளை குறைவாகவே பதில் தந்தது. ஆனால் மருத்துவமனையில் அன்பான தொடுதலை அதிகம் பெற்ற குழந்தைகளிடம் அந்தப் பதில் வலுவாக இருந்தது.

குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பது ‘கங்காரு பராமரிப்பு’. இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே இதைத் தொடங்கினார். பின்னர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 முதல் 1.8 கிலோ எடையுடன் பிறந்த குழந்தைகளிடம் உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சோதித்தது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே அணைத்ததால், முதல் 28 நாள்களில் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. 2021இல் வெளிவந்த முடிவு இது. தாயால் இயலாதபோது தந்தையும் அணைக்கலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால்

• கையைச் சோப்பால் கழுவுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அருகில் போகாதீர்கள்.
• தட்டுவதையும் தேய்ப்பதையும் விட, அசையாமல் வைத்த வெதுவெதுப்பான உள்ளங்கை நல்லது.
• எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். குறைப்பிரசவக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.
• “நாலு மாதம் ஆச்சு, இன்னும் தலை நிற்கலையா?” என்று யாராவது கேட்டால் கணக்கைச் சொல்லுங்கள். 32ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திவிட்டது. ஆகவே வளர்ச்சியை அளக்க அதன் வயது இரண்டு மாதம்தான்.

சிந்தித்து விடையளிக்க: குழந்தையின் கையில் தடித்த கையுறை மாட்டியிருந்தால், ரோஷாவின் சோதனை முடிவு மாறுமா? ஏன்?