எலும்பு, பல், கடித்தடம்: எது எவ்வளவு பேசும்?

அன்புள்ள நிலாவுக்கு,

வீடு கட்ட வானம் தோண்டும் இடத்தில் எலும்பு கிடைத்தால், அது மனித எலும்புதானா என்பதே முதலில் பார்க்கப்படும். நகரத்து மண்ணில் ஆட்டெலும்புக்கும் மாட்டெலும்புக்கும் பஞ்சமில்லை. மனித எலும்பு என்று உறுதியானால் ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு என்று விசாரணை நகரும். பெயர் கடைசியில்தான் தெரியவரும். பல நேரம் தெரியாமலே போவதும் உண்டு.

ஆண் பெண் வேறுபாட்டை இடுப்பெலும்பு தெளிவாகக் காட்டும். பெண்ணின் இடுப்பு அகன்றிருக்கும். முன்புறம் எலும்புகள் சேருமிடத்துக்குக் கீழே உள்ள கோணமும் விரிந்திருக்கும். மண்டையோட்டில் புருவ மேடு, காதுக்குப் பின்னால் உள்ள புடைப்பு, தாடையின் கனம் ஆகியவை துணைக்கு வரும். பருவமடையாத பிள்ளைகளின் எலும்பில் இவை எதுவும் துலங்காது. உயரத்துக்குத் தொடையெலும்பு போதும். அது 45 செ.மீ. இருந்தால் ஆள் ஏறக்குறைய ஐந்தரை அடி. ஆனால் அமெரிக்கப் படைவீரர்களை அளந்து உருவாக்கிய வாய்பாடு தஞ்சாவூர் விவசாயிக்கு அப்படியே பொருந்தாது. அதனால் அந்தந்த மக்களுக்கென்று தனி வாய்பாடுகள் வேண்டும்.

வயதுக் கணக்கில்தான் வழக்குகள் முட்டி மோதுகின்றன. வளரும் பிள்ளையின் நீள எலும்புகளில் முனை தனித்துண்டாக இருந்து, பிறகு தண்டோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் ஒட்டும். காறையெலும்பின் உள்முனை கடைசி. இருபதுகளின் பிற்பகுதி வரைகூட இழுக்கும். எக்ஸ்ரேயில் இதைப் பார்த்து வயது சொல்வதில் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஜெயமாலா வழக்கில், சொல்லிவிட்டது. 17 வயது என்றால் சிறார் நீதிக் குழுமம், 18 முடிந்தால் வேறு நீதிமன்றம் என்று சட்டம் பிரித்திருக்கும்போது அந்த இரண்டு வருடம் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றிதழை முதலிலும், பிறப்புச் சான்றிதழை அடுத்தும் கேட்கிறது. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. வளர்ச்சி நின்ற பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல முடியும். அப்போது பிழை இன்னும் விரியும். ஐம்பது வயதுக்காரரின் எலும்பைப் பார்த்து ‘45 முதல் 55’ என்று எழுதும் நிபுணரே நம்பத்தக்கவர்.

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். மண், தண்ணீர், ஓரளவு தீ எல்லாவற்றையும் அது தாங்கும். உள்ளே இருக்கும் கூழிலிருந்து டி.என்.ஏ.வும் எடுக்கலாம். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதில், இரண்டாவது பன்னிரண்டில், ஞானப்பல் பதினேழுக்கு மேல். பிள்ளைகளின் வயதைச் சொல்ல எலும்பைவிடப் பல் நம்பகமானது. பெரியவர்களுக்கு, பல்லின் தேய்வு, ஈறு இறக்கம், வேரின் ஒளி ஊடுருவும் தன்மை போன்ற ஆறு மாற்றங்களைக் கூட்டி வயதைக் கணிக்கும் முறையை குஸ்டாஃப்சன் 1950-ல் வகுத்தார்.

பெயரைக் கண்டுபிடிக்கப் பழைய பதிவு வேண்டும். 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் தங்கள் ஊர்ப் பல் மருத்துவரின் கோப்பால் அடையாளம் காணப்பட்டனர். அதே சுனாமியில் நாகப்பட்டினத்தில் இறந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகப் புதைக்க வேண்டியதாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கப் பெரும்பாலோருக்குப் பல் பதிவு என்று ஒன்று இருந்ததும் இல்லை. இன்று தி. நகரிலோ அடையாறிலோ ரூட் கேனால் செய்துகொள்கிறவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி, வீட்டுக்குப் போய்த் தொலைத்துவிடுகிறார். ஒருவருடைய கேப்பும் அடைப்பும் இன்னொருவருக்கு அச்சாக அப்படியே அமைவது அரிது. அதனால் அந்த எக்ஸ்ரே படம் கைரேகைக்கு ஈடானது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

கோப்பு இல்லாவிட்டாலும் பல் பேசியதற்குச் சென்னையிலேயே பெயர்பெற்ற வழக்கு உண்டு. 1952 ஆகஸ்டில் பேனா வியாபாரி ஆளவந்தார் காணாமல் போனார். போட் மெயில் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்தார். தெற்றுப்பல்லையும், காதில் இருந்த இரண்டு துளைகளையும் வைத்து மனைவி அது தன் கணவர் என்றார். ராணுவத்தில் இருந்தபோது எடுத்த கைரேகையும் ஒத்துப்போனது. பல் தனியாகத் தீர்ப்பைத் தாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மண்டையோடு மட்டும் கிடைத்தால் சூப்பர் இம்போசிஷன், அதாவது புகைப்படத்தோடு மண்டையோட்டைப் பொருத்திப் பார்க்கும் முறை. மயிலாப்பூர் காமராசர் சாலையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் கட்டடம் இருக்கிறது. 1849-ல் தொடங்கிய சென்னை ரசாயனப் பரிசோதகர் அலுவலகம்தான் அதன் வேர். அந்தத் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேசப்பட்டவர், இந்த முறையைத் திருத்தி 1971-லேயே கட்டுரை எழுதியவர். இறந்தவராகக் கருதப்படுபவரின் புகைப்படத்தை உயிரளவுக்குப் பெரிதாக்கி, அதே கோணத்தில் மண்டையோட்டைச் சாய்த்துப் படமெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். கண்குழி, மூக்கின் அடி, முகவாய் எல்லாம் சதையின் தடிமனுக்கு இடம் விட்டுப் பொருந்த வேண்டும். படத்தில் ஆள் சிரித்துப் பல் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பெரிதாக்கும் அளவுதான் தலைவலி. இங்கிலாந்தில் 1935-ல் நடந்த ரக்ஸ்டன் வழக்கில், படத்தில் கொல்லப்பட்ட பெண் அணிந்திருந்த தலையணியை அளந்து அளவைச் சரிசெய்தார்கள். கொலையாளி பம்பாயிலிருந்து போன மருத்துவர். 1963-ல் ராம் லோசன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்தச் சான்றை ஏற்றது. திருவான்மியூர் ஆட்டோ சங்கர் கொலை வழக்கில் தோண்டியெடுத்த எலும்புகளுக்கும் இந்தச் சோதனை நடந்தது. ‘இவர் அல்ல’ என்று விலக்குவதில் இது உறுதியானது. ‘இவரேதான்’ என்று சொல்ல டி.என்.ஏ. வேண்டும்.

கடித்தடம் வேறு சங்கதி. தாடையில் இருக்கும் பல்லை அளக்கலாம்; தோலில் பதிந்த பல்லை அவ்வளவு நிச்சயமாக அளக்க முடியாது. தோல் இழுபடும், வீங்கும், கன்றும்; கடிபட்டவர் திமிறினால் தடம் சரியும். 1992-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கொலை வழக்கில் ரே குரோன் என்பவரை ஒரு தெர்மோகோல் கப்பைக் கடிக்கச் சொல்லி, அவருடைய கோணல் பற்களின் தடம் சடலத்தில் இருந்த தடத்தோடு ஒத்துப்போகிறது என்று நிபுணர் சாட்சி சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2002-ல் டி.என்.ஏ. வேறொருவரைக் காட்டியது, குரோன் விடுதலையானார். ஆளவந்தாரை அடையாளம் காட்டியதும் கோணல் பல்தான், குரோனைச் சிறையில் தள்ளியதும் கோணல் பல்தான். முன்னது எலும்பில் இருந்தது. பின்னது தோலில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. கடித்தடத்தை வைத்து ஒரே ஆளைச் சுட்டுவதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை எழுதியது.

இந்தியாவில் 2012 டெல்லிப் பேருந்துப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தார்வாடு பல் மருத்துவக் கல்லூரி நிபுணர், குற்றம் சாட்டப்பட்டவர்களின் பல் அச்சுகளைக் கடித்தடப் படங்களோடு ஒப்பிட்டார். உச்ச நீதிமன்றம் 2017-ல் அதை ஏற்றது, டி.என்.ஏ. உள்ளிட்ட மற்றச் சான்றுகளோடு சேர்த்து.

ஆகவே கடித்தடம் கிடைத்தால் இன்று முதலில் தேடப்படுவது எச்சில். காயத்தைக் கழுவுவதற்கு முன் ஈரப் பஞ்சால் ஒருமுறை, உலர்ந்த பஞ்சால் ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்து, காற்றில் உலர்த்தி, டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவார்கள். எல் வடிவ அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேர்கோணத்தில் படமெடுப்பார்கள். கன்றல் நிறம் மாறுவதால் அடுத்தடுத்த நாட்களிலும் எடுப்பார்கள். பல் அச்சை ஒப்பிடுவது அதற்குப் பிறகு, பெரும்பாலும் யாரையெல்லாம் விலக்கலாம் என்று பார்ப்பதற்கு.

அன்புடன்,
சித்தப்பா
மயிலாப்பூர்