ரயில் பயமும் கவுன்சலரின் சொற்களும்

கேள்வி: ஒருமுறை எம்ஆர்டி ரயிலில் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்தது. இதயத்தில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து தேக்காவுக்கு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். கவுன்சலர் ‘அவாய்டன்ஸ்’, ‘சேஃப்டி பிஹேவியர்’, ‘எக்ஸ்போஷர்’ என்கிறார். பெரிய வியாதியா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, செம்பவாங்

பதில்: மூன்றுமே வியாதியின் பெயர்கள் அல்ல, சகோதரி. ரயிலை விட்டு பஸ் ஏறுகிறீர்களே, அதுதான் அவாய்டன்ஸ். ஏறியதும் ஒரு நிம்மதி வரும். சிக்கலே அங்கேதான். ‘ரயிலில் ஏறாததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். பயம் இன்னும் ஊன்றிக்கொள்ளும். தண்ணீர் போத்தலை இறுகப் பிடிப்பது, கதவோரமாகவே நிற்பது போன்றவை சேஃப்டி பிஹேவியர். அவையும் அதே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன.

எக்ஸ்போஷர் என்பது பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. இதன் முன்னோடி முறையைத் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். உங்களுக்கு அது இப்படி அமையலாம்: முதலில் செம்பவாங் பிளாட்ஃபாரத்தில் நிற்பது. பிறகு கேன்பரா வரை ஒரே ஸ்டேஷன். பழகியதும் யீஷூன். படபடப்பு உச்சிக்கு ஏறும். இறங்கி ஓடாமல் இருந்தால் தானாகத் தணியும். அதை உடம்பே அனுபவித்து அறிய வேண்டும். ஆனால் வேகத்தைக் கவுன்சலரோடு பேசி முடிவு செய்யுங்கள். தனியாகப் பாய வேண்டாம்.

கூச்சம் எதற்கு? ‘என் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்று அடுத்த முறை கேளுங்கள். விளக்குவது அவர் வேலை. நடுராத்திரியில் மனம் தவித்தால் சிங்கப்பூரின் மனநல உதவி எண்ணான 1771-ஐ அழைக்கலாம்.