விமான டிக்கெட்டில் நேரம் பார்ப்பது எப்படி?

நம் வீட்டுப் பிள்ளையோ வீட்டுக்காரரோ வேலைக்காக வெளிநாடு கிளம்பும்போது, டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்து நாம் குழம்பிப் போகிறோம். அதை இந்த மாதம் கற்றுக்கொள்வோம்.

சென்னையில் இருந்து மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர். இரண்டுமே சுமார் 2,900 கி.மீ. தூரம்தான். பறக்கும் நேரமும் நாலு, நாலரை மணிதான். ஆனால் டிக்கெட்டில் அப்படித் தெரியாது. ஏன்?

புறப்படும் நேரம் நம் ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். கிழக்கே பொழுது முன்னதாக விடியும். அதனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடும். துபாய் கடிகாரம் ஒன்றரை மணி பின்னே இருக்கும்.

கணக்கு போடுவோமா? இரவு 10 மணிக்குக் கிளம்பி 4 மணி நேரம் பறந்தால், நமக்கு விடியற்காலை 2 மணி. அப்போது,

* துபாயில் இரவு 12.30
* சிங்கப்பூரில் விடியற்காலை 4.30

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தேதி. '15ஆம் தேதி 00.30' என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி 12 மணி கழிந்து அரை மணி என்று அர்த்தம். 15ஆம் தேதி ராத்திரி போனால் விமானமும் போச்சு, கடன் வாங்கிக் கட்டிய பணமும் போச்சு!

மூன்று மணி நேரம் முன்பே, அதாவது 14ஆம் தேதி இரவு 9.30க்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். திருமுக்கூடலில் இருந்து செங்கல்பட்டு, தாம்பரம் வழியாகப் போக வேண்டும், சாயங்காலமே கிளம்பிவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு டிக்கெட்டை வைத்து எல்லோரும் படித்துப் பழகுவோம்.